அப்புக்காத்து வீட்டுச் சம்பந்தம்

எங்கள் ஆட்கள் கலியாணம் பேசும்போது மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்பதில்லை. ஊரைத்தான் கேட்பார்கள். கடைக்காரர், பக்கத்து வளவுக்காரர், கோயில் ஐயர், பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று ஒவ்வொருவராகப் பிடித்து விசாரிப்பார்கள். கேட்கப்படுகிறவருக்கும் ஒரு முறை உண்டு. குடும்பம் நல்லதென்றால் "தங்கமான சனம்" என்று தொடங்கி, தேத்தண்ணி ஆறும்வரை சொல்லுவார். கூடாத குடும்பமென்றால் ஒரு கூடாத சொல்லும் வாயிலிருந்து வராது. ஒரு கலியாணத்தைக் குழப்பின பாவம் அவருக்கேன்? "எனக்கு அவையளைப் பற்றி வடிவாத் தெரியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, இந்த முறை மழை பிந்திப்போச்சு என்று கதையை மாற்றிவிடுவார். விசாரிக்கப் போனவர் சால்வையை உதறிக்கொண்டு எழும்பி வந்துவிடுவார். விசயம் முடிந்தது.

இந்த முறையை நான் நம்பினேன். இதில் என்ன பிழை இருக்கிறது என்று இப்போதும் சிலவேளை தோன்றும். எனக்கு வந்த மாப்பிள்ளையை என் அப்பா இப்படித்தான் விசாரித்தார், கிடைத்த மனிதரில் பெரிய குறை ஒன்றும் இல்லை. கொஞ்சம் குறட்டை. அதை ஊரில் ஒருவரும் சொல்லவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். மொன்றியலில் பிறந்து, செயின்ட்-மிஷேலில் வளர்ந்து, படித்து மருந்தாளராக வேலை செய்கிறாள். நான் டோர்வலில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கும் இடத்தில் வேலை. கணவர் துறைமுகத்திலிருந்து கொள்கலன் லொறி ஓட்டுகிறார். ஒருநாள் மகள் வந்து, தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது, அமெரிக்கர், இங்கே படிக்க வந்து தங்கிவிட்டவர், பாலங்கள் பழுதுபார்க்கும் கம்பனியில் இஞ்சினியர் என்றாள். அந்த வசந்தத்திலேயே அவனோடு ரோஸ்மொன் பக்கம் ஒரு வீட்டுக்குக் குடியும் போய்விட்டாள். கலியாணம் மார்கழியில் என்று தாங்களே முடிவு செய்திருந்தார்கள்.

அவன் வெள்ளையன் என்பது எனக்குப் பிரச்சினை இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அதில் பாதி உண்மை. மற்றப் பாதியை இப்போது கிளறி என்ன ஆகப்போகிறது? ஆனால் என்னை உண்மையாகவே அரித்தது வேறொன்று. இவனைப் பற்றி நான் யாரிடம் கேட்பது? எந்த ஊர், எந்தத் தெரு, ஆருடைய பேரன்? சிரிக்கச் சிரிக்கக் கதைக்கிறான், வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைக்கிறான், என் கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். இவ்வளவு நல்லவனாக ஒருவன் இருந்தால் எனக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

அவர்கள் இருந்தது இரண்டாம் மாடி. தெருவிலிருந்து நேரே மேலே ஏறும் இரும்புப் படி. கீழே ஒரு டெப்பனர், பாலும் பியரும் விற்கிற மூலைக் கடை. மூலைக் கடைக்காரனுக்குத் தெரியாத குடும்பம் உலகத்தில் இல்லை என்பது என் கணக்கு. ஒருநாள் வேலை முடிந்து வரும்போது கணவரை அங்கே காரை நிறுத்தச் சொன்னேன்.

"மகளிட்டப் போகப்போறீரோ?" என்றார்.

"பால் வாங்கப் போறன்."

"பால் வீட்டிலை கிடக்கு."

"கிடக்கட்டும்."

கடைக்காரர் வயதான ஆசியக்காரர். வியட்நாமோ கொரியாவோ, நான் கேட்கவில்லை. பாலை மேசையில் வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் மேல்மாடியைக் காட்டிக் கேட்டேன். அந்த நெட்டைப் பையன், தாடிக்காரன், நிறைய பியர் வாங்குகிறவனா? சத்தம் போடுகிறவனா? வேறு பெண்கள் வந்து போகிறார்களா? அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஜு செ பா, மடாம்" என்றார். எனக்குத் தெரியாது. பிறகு, இன்றைக்கு நல்ல குளிர் என்றார்.

பாலை எடுத்துக்கொண்டேன். வெளியே வந்து படியடியில் நின்று மேலே பார்த்தேன். மகளின் வீட்டு யன்னலில் வெளிச்சம் இருந்தது. ஏறவில்லை. ஏறினால் ஏன் வந்தீர்கள் என்று கேட்பாள், நான் என்ன சொல்வது? காருக்குத் திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகும் சில தடவை போனேன். ஒருமுறை முட்டை, ஒருமுறை லொத்தர் சீட்டு. அந்த மனிதர் ஒவ்வொருமுறையும் தெரியாது என்றே சொன்னார், ஒவ்வொருமுறையும் காலநிலையைச் சொன்னார். எங்கள் ஊரில் பிறந்திருக்க வேண்டிய ஆள்.

இலையுதிர்காலத்தில் அவனுடைய தாய் தகப்பன் எங்களைத் தங்கள் ஊருக்கு அழைத்தார்கள். எல்லையைத் தாண்டிக் கொஞ்ச நேரம் ஓடினால் வரும் சின்ன ஊர். சந்தியில் ஒரு தேவாலயம், ஒரு பழைய நீதிமன்றம், ஒரு கடை. எனக்கு மனதுக்குள் சந்தோசம். கடைசியில் எனக்கும் விசாரிக்க ஒரு ஊர் கிடைத்துவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்த உடனே சுவரில் பெரிய ஓவியம். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு மனிதர், மீசையை மழித்துவிட்டுத் தாடியை மட்டும் வைத்திருந்தார். அப்படி முகம் வைத்திருக்கிற ஆளை நான் எப்படி நம்புவது? பையனுடைய பாட்டனுக்குப் பாட்டனாம். தாய்க்காரி ஓய்வுபெற்ற ஆசிரியை. பாடம் நடத்துவது போல அவருடைய சரித்திரத்தைச் சொன்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பகுதியிலேயே பெரிய வழக்கறிஞர். உழுகிற குடும்பத்தில் பிறந்து, இன்னொரு வழக்கறிஞரின் கந்தோரில் கூட்டித் துடைத்து, அங்கேயிருந்த சட்டப் புத்தகங்களை வாசித்தே வழக்கறிஞர் ஆனவர்.

நான் கணவரின் காதுக்குள் சொன்னேன்: "சோதினை பாஸ் பண்ணாத அப்புக்காத்து."

பெரிய வழக்கறிஞரை எங்கள் ஊரில் அப்புக்காத்து என்போம். பிள்ளைகள் வாய் காட்டினாலும் அதே பெயரைச் சொல்லித்தான் ஏசுவோம். கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓவியத்தைப் பார்த்தார்.

குறுக்கு விசாரணையில் அவரை மிஞ்ச ஆள் இல்லையாம். அவர் ஒரு சாட்சியைக் கேள்வி கேட்கிறார் என்றால் சுற்றுப்புறத்துச் சனம் வண்டி கட்டிக்கொண்டு வந்து நீதிமன்றத்தில் இருந்து பார்க்குமாம். பிறகு மாநிலச் சபைக்குத் தெரிவாகி, அங்கிருந்து வாஷிங்டனுக்கும் போனவர். அடிமைகளை வைத்திருப்பதற்கு எதிராகப் பேசினவர். மேடையில் பேசுவது வேறு, வீடு வேறு. "உங்கடை வீட்டிலை ஆர் வேலைக்கு இருந்தது?" என்று என் விமான நிலைய இங்கிலீசில் கேட்டேன். மகள் என்னை முறைத்தாள். ஒரு ஐரிஷ் பெண் சம்பளத்துக்கு இருந்தாள் என்று தாய்க்காரி பொறுமையாகச் சொன்னார்.

ஓவியத்துக்குக் கீழே ஒரு பழைய புகைப்படம். அப்புக்காத்தர், மனைவி, பிள்ளைகள் ஐந்து பேர். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஆனால் கொஞ்சம் முன்னர்தான் தாய்க்காரி ஆறு பிள்ளைகள் என்று சொல்லியிருந்தார். என் காது அதையெல்லாம் விடாது.

"மற்றப் பிள்ளை எங்கை?"

தாய்க்காரியின் முகம் மாறியது. மூத்த மகள் இதில் இல்லை, அது நீண்ட கதை என்றார். என் மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு அப்பிள் கேக் ஆறுகிறது என்று குசினிக்குப் போய்விட்டார்.

அந்தக் கேக்கைக் கிள்ளிக்கொண்டே கணக்குப் போட்டேன். பரம்பரையில் பைத்தியம் இருக்கிறது. அல்லது வெளியில் சொல்ல முடியாத வருத்தம். இல்லாவிட்டால் அந்தத் தாடிக்காரர் அந்தப் பிள்ளையை ஏதோ செய்திருக்கிறார். சாப்பிட்டு முடிந்ததும், கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று சந்திக்குப் போனேன். பழைய நீதிமன்றத்தை இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அப்புக்காத்தரின் கதிரை, தொப்பி, ஊன்றுகோல் எல்லாம் கண்ணாடிக்குள் இருந்தன. கம்பளிச் சட்டை போட்ட ஒரு வயதான பெண் வாசலில் பின்னிக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போய் இருந்து கேட்டேன். இவருடைய குடும்பம் எப்படி? நல்ல ஆட்களா? மூத்த மகளுக்கு என்ன நடந்தது?

அவர் பின்னுவதை நிறுத்தினார். "அந்தக் குடும்பத்தைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது" என்றார். பிறகு யன்னலைப் பார்த்து, பின்னேரம் மழை வரும்போல இருக்கிறது என்றார்.

எனக்கு வேறென்ன வேண்டும்? கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது காரில் சொன்னேன். "இது சரிவராது. அந்தக் குடும்பத்திலை ஏதோ பெரிய மறைப்பு இருக்கு. அந்த மனிசி வாயைத் திறக்கேல்லை."

"அவவுக்கு உண்மையா தெரியாமல் இருக்கலாம்."

"தெரியாமலோ அங்கை குந்திக்கொண்டு இருக்கிறா?"

"ஞாயிற்றுக்கிழமை சும்மா உதவிக்கு வாற மனிசியா இருக்கும். நீர் ஏனப்பா எல்லாத்தையும் தோண்டுறீர்?"

மழை வந்தது, அந்த மனுசி சொன்னபடியே.

அடுத்த நாள் மகளுக்குப் போன் எடுத்தேன். எனக்கு விருப்பமில்லை, விசாரித்த இடத்தில் நல்ல சொல் வரவில்லை என்றேன். அவள் ஆறுதலாகவே கேட்டாள்.

"ஆரை விசாரிச்சனீங்கள், அம்மா?"

"அது உனக்கேன்?"

"கேக்கிறதெண்டா அவரையே கேளுங்கோவன்."

"மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளையிட்டையே ஆரும் கேப்பினமோ?"

"சரி. மார்கழியிலை கலியாணம். வந்தா வாங்கோ. வராட்டி நான் திருப்பிக் கேக்கமாட்டன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு ஏச்சு ஏசியிருப்பேன். அப்படிச் சொல்லவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அதற்குப் பிறகு அவளிடமிருந்து போன் வரவில்லை. வேலைத்தலத்தில் தட்டுகளை அடுக்கும்போது கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, அது அதிர்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பெற்ற ஒரே பிள்ளை என்னை விட்டுப் போய்விடுவாள் என்ற பயம் ஒருபக்கம். ஆனாலும் அந்தப் படத்தில் இல்லாத பெண்ணை விட்டுவிட என் மனம் சம்மதிக்கவில்லை.

முதல் பனி விழுந்த கிழமை, ஒரு ஞாயிறு மத்தியானம் கதவு மணி அடித்தது. பையன் தனியாக நின்றான். சப்பாத்தைக் கழற்றினான், ஒழுங்காக வைத்தான். கணவர் அவனை இருக்கச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார். எங்கள் வீட்டில் அவர் தேத்தண்ணி போடுகிறார் என்றால் என்னைத் தனியாக மாட்டிவிடுகிறார் என்று அர்த்தம்.

படத்தில் இல்லாத பிள்ளையைப் பற்றி நீங்கள் கேட்டீர்களாம், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றான். எனக்கு விளங்க வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

அந்த மூத்த மகள் அப்புக்காத்தரின் செல்லம். அவர் வாதாடுவதைப் பார்க்க நீதிமன்றத்துக்குப் போய் முன்வரிசையில் இருப்பாளாம். அந்த ஊரில் அப்போது ஒரு நெசவாலை இருந்தது. கியூபெக்கிலிருந்து வேலைக்கு வந்த ஒருவனை அவள் விரும்பினாள். பிரெஞ்சுக்காரன், கத்தோலிக்கன், சபை உறுப்பினரின் மகளைக் கட்டக்கூடிய எந்தத் தகுதியும் இல்லாதவன். தகப்பன் சம்மதிக்கவில்லை. அவள் அவனோடு மொன்றியலுக்கு வந்துவிட்டாள்.

"இஞ்சையோ?" என்றேன்.

ஓம் என்று தலையாட்டினான். துறைமுகத்துக்குக் கிட்ட, கிழக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு தெரு. ஒரு வருசம் கழித்து அப்புக்காத்தர் ஒருவருக்கும் சொல்லாமல் ரயில் ஏறி வந்தார். நேரே மகளின் வீட்டுக்குப் போகவில்லை. முதலில் அவன் எப்படிப்பட்டவன் என்று அந்தத் தெருவில் விசாரித்தார். கடையில் கேட்டார், கோயிலில் கேட்டார், துறைமுகத்து ஆட்களிடம் கேட்டார். ஒருவரும் அவனைப் பற்றி ஒரு நல்ல சொல் சொல்லவில்லை. எல்லோரும் தெரியாது என்றே சொன்னார்கள். மகள் இருந்த வீட்டுப் படியடிவரை போய், கொஞ்ச நேரம் நின்று, திரும்பி ரயில் ஏறிவிட்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒரே ஒரு வசனம் சொன்னாராம். அவன் சரியான ஆள் இல்லை. அந்தப் படம் அதற்குப் பிறகு எடுத்தது.

"அவர் எந்தப் பாசையிலை விசாரிச்சவர்?"

பையன் யோசித்தான். இங்கிலீசில்தான், அவருக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. பெரிய அப்புக்காத்தர், வாஷிங்டன் வரை போனவர், சாட்சிகளைத் துருவி எடுத்தவர், விசாரிக்கத் தெரியாத மனுசன். உயரத் தொப்பியும் கறுப்புக் கோட்டும் போட்டு, கையில் ஊன்றுகோலோடு ஒரு அந்நியன் வந்து, விளங்காத பாசையில் ஒரு ஏழைத் தொழிலாளியைப் பற்றிக் கேட்டால் எவன் வாயைத் திறப்பான்? பொலிஸ்காரன் என்று நினைத்திருப்பார்கள். தங்கள் ஆளைக் காப்பாற்றத்தான் தெரியாது என்று சொல்லியிருப்பார்கள். அந்தத் "தெரியாது" அவனுக்குக் கிடைத்த நற்சாட்சி. இந்த மனுசன் அதைக் குற்றப்பத்திரிகையாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இதையெல்லாம் தமிழிலும் இங்கிலீசிலும் கலந்து பையனிடம் சொல்லிக்கொண்டே போனேன். கணவர் தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"பேந்து?" என்று பையனைக் கேட்டேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அப்புக்காத்தர் சாகக் கிடந்தபோது மூத்தவளைக் கேட்டாராம். நாளுக்குப் பல தடவை கேட்டாராம். ஆனால் எந்தத் தெரு, எந்த வீடு என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும், அதற்குள் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. மற்றவர்கள் ஆள் விட்டுத் தேடினார்கள். கிடைக்கவில்லை. அவளுடைய பிள்ளைகளின் பிள்ளைகள் இந்த நகரத்தில்தான் எங்கேயோ இருப்பார்கள், மெற்றோவில் தனக்குப் பக்கத்தில்கூட இருந்திருப்பார்கள் என்றான்.

"உன்ரை அம்மா ஏன் அண்டைக்கு இதைச் சொல்லேல்லை?"

அவன் நிலத்தைப் பார்த்தான். தன் தாய்க்கு இந்தக் கதை வெட்கம் என்றான். அதோடு, என் மகளும் இருக்கும்போது சொன்னால் என்னைக் குத்திக் காட்டுவது போல இருக்கும் என்று தாய் நினைத்தாராம்.

பாருங்கள், நான் அவர்களின் குடும்பத்தில் என்ன மறைக்கிறார்கள் என்று தேடிக்கொண்டு திரிந்தேன். அவர்கள் எனக்கு மனம் நோகக்கூடாதென்று மறைத்திருக்கிறார்கள். அவன் போன பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கணவர் கேட்காமலே கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

டெப்பனருக்கு முன்னால் காரை நிறுத்தினார். கடைக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தார். நான் கடைக்குள் போகவில்லை. இரும்புப் படியில் பனி இறுகிக் கிடந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். முழங்கால் நோ ஒருபக்கம், விழுந்தால் சிரிப்பார்களே என்ற யோசனை ஒருபக்கம். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினேன். இறங்கிவிடலாம் என்று மனம் ஒருமுறை சொன்னது, பொய் சொல்லக் கூடாது. ஏறிக் கதவைத் தட்டினேன்.

மகள் உடனே திறந்தாள். கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்க வேண்டும். என் தோளில் கிடந்த பனியைத் தட்டிவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். குசினியில் கேத்தலில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. மேசையில் எனக்கென்று ஒரு கோப்பை ஏற்கனவே வைத்திருந்தது.

"மாப்பிள்ளை போன் பண்ணிச் சொன்னவரோ, நான் வருவன் எண்டு?" என்று கேட்டேன்.

"இல்லை. கடைக்கார ஐயா."

"ஆர்?"

"கீழ்க்கடை ஐயா. நீங்கள் வந்து நிக்கிற நேரமெல்லாம் எனக்குப் போன் பண்ணுவார். மடாம், உங்கடை அம்மா படியடியிலை நிக்கிறா எண்டு."

நான் யன்னலால் கீழே பார்த்தேன்.

"நான் ஒவ்வொருமுறையும் கேத்தலைப் போட்டுட்டு இருந்தனான், அம்மா" என்றாள்.